போன வருஷமும் இதையேதான் கேட்டீங்க

இந்த இதழில், பல்கலைக்கழக மாணவர்களின் சமூகக் களப்பணி பற்றி வந்த கடிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். சமூகவியல் துறையில் 22 வருடம் களப்பணித் தாளை நடத்தி ஓய்வுபெற்றவள் என்பதால் ஆசிரியர் மொத்தக் கட்டையும் என் பக்கம் தள்ளிவிட்டார். எழுதியவர்களின் பெயரும் ஊரும் இல்லாமலே போடுகிறேன். சிலர் தங்கள் துறைத்தலைவரைப் பற்றி எழுதியிருப்பதைப் பார்த்தால் அதுதான் அவர்களுக்கு நல்லது.

கேள்வி: எங்கள் பல்கலைக்கழகத்தில் இந்த செமஸ்டரிலிருந்து சமூகக் களப்பணி கட்டாயம். மார்க்குக்காகச் செய்கிற சேவை ஒரு சேவையா அம்மா? எனக்கு இது போலித்தனமாகப் படுகிறது.
– மூன்றாமாண்டு மாணவி

இதைச் சேவை என்று முதலில் யார் சொன்னது? வேதியியல் ஆய்வகத்தில் உப்பைப் பகுப்பாய்வு செய்து மார்க் வாங்குகிறீர்கள். உப்புக்குச் சேவை செய்துவிட்டதாக யாரும் பெருமைப்பட்டுக்கொள்வதில்லை. களமும் பாடம் படிக்கிற இடம்தான். ஒரு பெரிய வித்தியாசம் உண்டு: இங்கே எதிரில் இருப்பவர்கள் மனிதர்கள். உங்கள் படிப்புக்காக அவர்களுடைய நேரம் செலவாகிறது. ஆகவே நீங்கள் கொடுக்கப் போகவில்லை, வாங்கப் போகிறீர்கள். வாங்கியதைத் திருப்பித் தரும் வழியை யோசித்தால் போலித்தனம் தானாகக் குறையும்.

கட்டாயப்படுத்துவது புதிதும் இல்லை. மெக்சிகோவில் 1936இல் மருத்துவ மாணவர்களிடம் தொடங்கினார்கள். இன்று அங்கே பட்டம் வாங்க வேண்டுமென்றால் குறைந்தது 480 மணி நேரம் சமூகப்பணி செய்திருக்க வேண்டும். மருத்துவம் படிப்பவர்களுக்கு அது ஒரு முழு வருடம். இந்தியாவில் 1969இல் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டத்தில், சேர்ந்த மாணவர்களுக்கு 2 வருடத்தில் 240 மணி நேரம். இதில் எனக்கு ஒரே ஒரு மனக்குறை. மணியை மட்டுமே எண்ணினால் பிள்ளைகள் கைக்கடிகாரத்தைப் பார்க்கத்தான் பழகுவார்கள். என் வகுப்பில் ஒருவன் 40 மணி நேரத்தையும் ஒரு முதியோர் இல்லத்தின் வரவேற்பறை நாற்காலியிலேயே கழித்தான். வருகைப் பதிவேட்டில் ஒரு குறை சொல்ல முடியாது!

மார்க் வாங்குங்கள், தப்பில்லை. எவ்வளவு நேரம் இருந்தீர்கள் என்பதற்கு இல்லாமல், என்ன தெரிந்துகொண்டீர்கள் என்பதற்கு மார்க் கொடுக்கச் சொல்லி உங்கள் ஆசிரியரிடம் கேளுங்கள். கோபப்பட வேண்டிய இடம் அதுதான்.

கேள்வி: நாங்கள் 12 பேர் ஒரு குடியிருப்பில் கைகழுவும் விழிப்புணர்வு முகாம் நடத்தினோம். பேனர், வீதி நாடகம், துண்டுப் பிரசுரம் எல்லாம் தயார். வந்தது குழந்தைகள் மட்டும்தான். மக்களுக்கு ஏன் அக்கறையே இல்லை?
– இரண்டாமாண்டு மாணவர்

தம்பி, அந்தக் குடியிருப்பில் தண்ணீர் எப்போது வரும் என்று உங்கள் 12 பேரில் யாருக்காவது தெரியுமா?

கோபம் வேண்டாம், இதே கூத்தை நானும் அடித்திருக்கிறேன். என் மாணவிகள் கைகழுவும் ஏழு படிகளைப் பாட்டாகவே கட்டிக்கொண்டு போனார்கள். வாசலில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா பாட்டு முடியும்வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கை கழுவ எங்களுக்குத் தெரியும் கண்ணு. அந்தக் குழாயை மட்டும் திறந்துவிட்டுட்டுப் போ" என்றார். குழாயில் தண்ணீர் வந்து மூன்று நாள் ஆகியிருந்தது. பாட்டுக் கட்டிய மாணவி அப்புறம் அன்று முழுக்க வாயே திறக்கவில்லை.

அந்த வருடத்திலிருந்து என் வகுப்பு ரிப்போர்ட்டில் 'விழிப்புணர்வு' என்ற சொல்லுக்குத் தடை போட்டேன். அந்தச் சொல்லுக்குள் எதிரில் இருப்பவர் தூங்குகிறார், நாம் எழுப்பப் போகிறோம் என்ற நினைப்பு ஒளிந்திருக்கிறது. பெரும்பாலும் அவர்கள் நமக்கு முன்பே எழுந்து, தண்ணீர் பிடித்துவிட்டு, வேலைக்கும் போயிருப்பார்கள். மாலை நான்கு மணிக்கு நீங்கள் நாடகம் போட்டால் பார்க்கக் குழந்தைகள்தான் மிச்சம்.

1968இல் மெக்சிகோவுக்குத் தொண்டு செய்ய வந்திருந்த அமெரிக்க மாணவர்கள் முன்னால் சிந்தனையாளர் இவான் இல்லிச் பேசிய பேச்சு ஒன்று உண்டு. அதன் சாரம் இதுதான்: பார்க்க வாருங்கள், மலையேற வாருங்கள், பூக்களை ரசிக்க வாருங்கள், படிக்க வாருங்கள், உதவி செய்கிறோம் என்று மட்டும் வராதீர்கள். அழைத்த கூட்டத்திலேயே போய் இப்படிப் பேசுவதற்கு நெஞ்சுரம் வேண்டும். முழுக்க ஒத்துக்கொள்ள என்னால் முடியவில்லை, உதவி தேவைப்படும் நேரமும் உண்டு. ஆனால் பேனர் அச்சடிக்கக் கொடுப்பதற்கு முன்னால் ஒருமுறை அதை நினைத்துப் பார்க்கலாம்.

அடுத்த முறை பேனர் இல்லாமல் போங்கள். இரண்டு பேர் போதும், 12 பேர் போனால் ஊர்வலம் மாதிரி இருக்கும். உங்கள் தெருவில் எது சரியாக நடக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். பிரச்சினை என்ன என்று கேட்டால் எல்லோரும் ஒப்பிப்பார்கள். எது நன்றாக நடக்கிறது என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்கள், பேச்சு அங்கேதான் தொடங்கும்.

கேள்வி: களப்பணிச் சான்றிதழ் வேலை கிடைக்க உதவுமா?
– இறுதியாண்டு மாணவர்

சான்றிதழ் உதவுமா என்று தெரியாது. நேர்காணலில் "ஒரு குழுவில் சண்டை வந்தபோது என்ன செய்தீர்கள்?" என்று கேட்கும்போது சொல்ல ஒரு உண்மைக் கதை கையில் இருக்கும். அது உதவும்.

கேள்வி: சர்வே எடுக்கப் போன இடத்தில் ஒரு பெரியவர், "போன வருஷமும் இதையேதான் கேட்டீங்க" என்றார். நான் பதில் சொல்லத் தெரியாமல் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டேன். அன்றிலிருந்து மனசு உறுத்துகிறது. என்ன சொல்லியிருக்க வேண்டும்?
– முதுகலை முதலாமாண்டு மாணவி

இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்துதான் பதில் எழுத உட்கார்ந்தேன். உங்களுக்கு நடந்தது எனக்கும் நடந்தது. இன்னும் மோசமாக நடந்தது.

வேலையில் சேர்ந்து ஒன்பதாவது வருடம். தொடர்ந்து நான்கு வருடமாக ஒரே குடியிருப்புக்கு மாணவர்களை அனுப்பிக்கொண்டிருந்தேன். காரணத்தை வெட்கத்தோடு சொல்கிறேன்: பேருந்து அந்த வாசலிலேயே நின்றது. கையில் 38 கேள்விகள் கொண்ட படிவம். அதில் பாதிக் கேள்விகள் எனக்கு முன்னால் இருந்தவர் தயாரித்தவை. எதற்காகக் கேட்கிறோம் என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை.

நான்காம் வருடம், வாசலில் தையல் மெஷினைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணிடம் என் மாணவன் படிவத்தை நீட்டியிருக்கிறான். அவர் மெஷினை நிறுத்தவே இல்லையாம். "அஞ்சு பேரு. ரெண்டு ரூமு. தண்ணி பொதுக்குழாயில. பிடிக்கிறது பெரிய பொண்ணு. ஒண்ணரை மணி நேரம்..." என்று, இவன் கேட்பதற்கு முன்னாலேயே 38 கேள்விகளுக்கும் வரிசை மாறாமல் பதில் சொல்லிக்கொண்டே போயிருக்கிறார். படிவம் அவருக்கு மனப்பாடம் ஆகியிருந்தது. இவனுக்கு ஒரே சந்தோஷம். ஐந்தே நிமிடத்தில் ஒரு வீடு முடிந்தது! திரும்பி வரும்போது பேருந்தில் இதை நடித்தே காட்டினான். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகு சிரிப்பு நிற்கவில்லை, வேறு மாதிரி ஆகிவிட்டது. மறுநாள் காலையில் முதல் வேலையாகத் துறை அலமாரியைத் திறந்தேன். மூன்று வருடப் படிவக் கட்டுகளும், சணல் கயிற்றில் நான் போட்ட முடிச்சோடு அப்படியே இருந்தன. மார்க் போட்ட பிறகு ஒருவர்கூட அவிழ்க்கவில்லை. அவிழ்த்திருக்க வேண்டிய ஒரே ஆள் நான்.

அந்த வாரக் கடைசியில் தனியாக அந்தப் பெண்ணைப் பார்க்கப் போனேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் பெரிதாக எடுத்துக்கொண்ட மாதிரித் தெரியவில்லை. "நாலு தடவை சொல்லிட்டேன் டீச்சர். அதுலேர்ந்து எங்களுக்குத் தெரியாதது ஏதாச்சும் உங்களுக்குத் தெரிஞ்சிருந்தா வந்து சொல்லுங்க" என்று மட்டும் சொன்னார். என் வாழ்க்கையில் எந்தக் கருத்தரங்கிலும் இவ்வளவு சுருக்கமான விமர்சனம் எனக்குக் கிடைத்ததில்லை.

அதற்குப் பிறகு சர்வே இல்லை. ஆறு மாணவர்களை உட்காரவைத்து நான்கு வருடப் படிவங்களையும் அட்டவணைப்படுத்தச் சொன்னேன். பாதி குப்பை. ஆனால் உள்ளே இரண்டு விஷயங்கள் கிடந்தன. தண்ணீர் பிடிக்கப் போவது பெரும்பாலும் 10 முதல் 15 வயதுப் பெண்பிள்ளைகள் என்பது ஒன்று. குழாயின் கடைக்கோடியில் இருந்த வீடுகளுக்குத் தண்ணீர் வரும் நேரம், நான்கு வருடத்தில் காலை ஐந்து மணியிலிருந்து நகர்ந்து நகர்ந்து மூன்று மணிக்கு வந்துவிட்டது என்பது இன்னொன்று. முதலாவது அங்கே எல்லோருக்கும் தெரியும். இரண்டாவது யாருக்கும் முழுதாகத் தெரியாது. கடைக்கோடி வீடுகளுக்குத் தெரியும், ஆனால் தங்கள் வீட்டுக்கு மட்டும்தான் அப்படி என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

சதவீதம் எதுவும் போடாமல், வீடுகளை வரைந்து, தண்ணீர் வரும் நேரத்தை நிறத்தில் காட்டி, சுவர் அளவுக்கு ஒரு படம் தயாரித்தோம். குடியிருப்பின் படிப்பகத்தில் மாட்டினோம். மாட்டிய பத்து நிமிடத்தில் திருத்தம் தொடங்கிவிட்டது. இந்தச் சந்து இங்கே இல்லை, அந்த வீடு பூட்டிக் கிடக்கிறது, நேரம் தப்பு. கடைசியாக ஒரு தாத்தா கேட்டார்: "பின்வரிசை எங்கே?" சாக்கடைக்கு அந்தப் பக்கம் 11 வீடுகள். நான்கு வருடத்தில் ஒரு மாணவன்கூடச் சாக்கடையைத் தாண்டிப் போனதில்லை. நானும் போனதில்லை. நூற்றுக்கு நூறு வீடு எடுத்துவிட்டோம் என்று ரிப்போர்ட்டில் நான் கையெழுத்துப் போட்டிருந்தேன்.

குடியிருப்போர் அந்தத் திருத்திய படத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு தண்ணீர் அலுவலகத்துக்கு அவர்களாகவே போனார்கள். நாங்கள் கூடப் போகவில்லை, வேண்டாம் என்றார்கள். பெரிய அதிசயம் ஒன்றும் நடந்துவிடவில்லை. சில மாதம் கழித்து ஒரு வால்வை மாற்றினார்கள். கடைக்கோடிக்குத் தண்ணீர் நாலரைக்கு வந்தது. பின்வரிசைக்கு அப்போதும் வரவில்லை.

இது என் கண்டுபிடிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். 1889இல் சிகாகோவில் ஜேன் ஆடம்ஸும் எலன் கேட்ஸ் ஸ்டாரும் தொடங்கிய ஹல் ஹவுஸ் என்ற சமூக இல்லத்தில் தங்கியிருந்தவர்கள், சுற்றியிருந்த குடியேறிகளின் வீடுகளில் யார் எந்த நாட்டவர், வாரக்கூலி எவ்வளவு என்று வீடு வீடாகக் கேட்டு வண்ண வரைபடமாக 1895இல் வெளியிட்டார்கள். அதே வீட்டிலிருந்த ஃபிளாரன்ஸ் கெல்லி, குறைந்த கூலிக்கு நீண்ட நேரம் வேலை வாங்கிய 'வியர்வைக்கூட'ப் பட்டறைகளைப் பற்றித் திரட்டிய விவரங்கள் 1893இல் இல்லினாய் மாநிலத் தொழிற்சாலைச் சட்டம் வருவதற்குக் காரணங்களில் ஒன்று. அந்தச் சட்டப்படி முதல் தலைமை ஆய்வாளரும் அவர்தான். எண்ணிக்கை எடுத்தால் இப்படி எங்காவது போய்ச் சேர வேண்டும்.

இன்னும் ஒரு படி மேலே போனவர் வளர்ச்சி ஆய்வாளர் ராபர்ட் சேம்பர்ஸ். படத்தை நாம் ஏன் வரைய வேண்டும், அவர்களே தரையில் வரையட்டும் என்ற பங்கேற்பு முறைகளைப் பரப்பியவர்களில் முக்கியமானவர். குச்சியை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு நாம் வாயை மூடிக்கொள்வது. சொல்வதற்கு எளிது, வாத்தியார்களுக்கு மிகக் கஷ்டமான பயிற்சி.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். "மன்னிச்சுக்குங்க ஐயா, போன வருஷம் கேட்டது என்ன ஆச்சுன்னு எனக்குத் தெரியாது, விசாரிச்சுட்டு வர்றேன்" என்று சொல்லியிருக்கலாம். இப்போதும் நேரம் போய்விடவில்லை. உங்கள் துறை அலமாரியில் போன வருட ரிப்போர்ட் நிச்சயம் இருக்கும். எடுத்துப் படியுங்கள். அந்தத் தெருவைப் பற்றி எழுதியிருக்கும் பக்கத்தை அந்தப் பெரியவரிடம் கொண்டுபோய் வாசித்துக் காட்டுங்கள். அவர் திருத்துவார். அந்தத் திருத்தங்கள் உங்கள் சர்வேயைவிட உபயோகமாக இருக்கும் என்று நான் பந்தயம் கட்டுகிறேன்.

கேள்வி: 60 மாணவர்கள், ஒரே ஆசிரியை நான். எல்லோரும் ஒரே நாளில் ஒரே இடத்துக்குப் போக வேண்டும், போட்டோ வேண்டும் என்கிறது நிர்வாகம். எப்படி மதிப்பிடுவது?
– உதவிப் பேராசிரியை

60 பேரை ஒரே இடத்தில் இறக்காதீர்கள். அதைக் களப்பணி என்று சொல்ல முடியாது, படையெடுப்பு. பத்துப் பத்துப் பேராகப் பிரித்து ஆறு இடம் பிடியுங்கள். அதைவிட முக்கியம், அடுத்த வருடமும் அதே ஆறு இடத்துக்கே போங்கள். என் பழைய கதையைப் படித்துவிட்டு ஒரே இடத்துக்குப் போவதுதான் தப்பு என்று எடுத்துக்கொண்டுவிடப் போகிறீர்கள்! போனது தப்பில்லை. ஒவ்வொரு வருடமும் முதல் தடவை போவது மாதிரிப் போனதுதான் தப்பு. போகிற குழு, வருகிற குழுவிடம் இடத்தை ஒப்படைக்க ஒரு நாள் ஒதுக்குங்கள். அங்கே இருப்பவர்களும் கூட உட்காரட்டும்.

மதிப்பீட்டுக்கு நான் கடைசியில் வந்து சேர்ந்தது ஒரு சாதாரண நாற்பது பக்க நோட்டு. ஒவ்வொரு முறை போய் வந்ததும் மூன்று விஷயம் எழுத வேண்டும்: போவதற்கு முன் என்ன எதிர்பார்த்தேன், என்ன பார்த்தேன், இரண்டும் ஏன் வேறுபட்டன. "மனம் நெகிழ்ந்தது", "கண்கள் கலங்கின" போன்ற வரிகளுக்கு மார்க் கிடையாது என்று முதல் நாளே சொல்லிவிடுவேன். மூன்றாவதில்தான் பாடம் வரும். வகுப்பில் படித்த கோட்பாடு அங்கே ஒத்துப்போகிறதா, முட்டுகிறதா என்று எழுதியவர்களுக்கு முழு மார்க். முட்டியது என்று சரியாகக் காட்டியவர்களுக்கு ஒன்றிரண்டு கூடவே போட்டிருக்கிறேன், நிர்வாகத்திடம் சொல்லிவிடாதீர்கள்.

மார்க்கில் ஒரு பங்கு அங்கே இருப்பவர்கள் கையில் இருக்கட்டும். எண்ணாகக் கேட்க வேண்டாம், எல்லோருக்கும் பத்துக்குப் பத்து போட்டுவிடுவார்கள். "இந்தப் பிள்ளைகளில் யாரை மறுபடி அனுப்பச் சொல்வீர்கள்?" என்று கேளுங்கள். பதில் துல்லியமாக வரும்.

போட்டோ பற்றி: முகம் தெரிய எடுப்பதென்றால் கேட்டு எடுங்கள், எங்கே போடப்போகிறீர்கள் என்றும் சொல்லுங்கள். நிர்வாகம் வற்புறுத்தினால் மாணவர்களின் முதுகை எடுத்து அனுப்புங்கள். வேலை செய்கிற மாணவனின் முதுகு நல்ல படம்தான்.

கேள்வி: நான் புள்ளியியல் படிக்கிறேன். என் பாடத்துக்கும் சமூகத்துக்கும் என்ன சம்பந்தம்? எங்களையும் மரம் நடத்தான் அனுப்புகிறார்கள்.
– இரண்டாமாண்டு மாணவர்

மரம் நடுவது நல்லதுதான், ஆனால் குழி தோண்ட உங்களைவிடத் தேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். உங்களிடம் அவர்களிடம் இல்லாத ஒன்று இருக்கிறது, அதைக் கொண்டுபோங்கள்.

ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கூட்டம் தாங்கவில்லை, இன்னொரு மருத்துவர் வேண்டும் என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள். எங்களோடு வந்திருந்த புள்ளியியல் மாணவி ஒருத்தி இரண்டு வாரம் வாசலில் உட்கார்ந்து யார் எத்தனை மணிக்கு வந்தார், எத்தனை மணிக்கு உள்ளே போனார் என்று குறித்துக்கொண்டே இருந்தாள். காலை எட்டு மணிக்கு மொத்த டோக்கனையும் கொடுத்து முடித்துவிடுகிறார்கள், அதனால் பதினொரு மணிக்கு வந்தால் போதும் என்பவர்களும் எட்டுக்கே வந்து நிற்கிறார்கள் என்று காட்டினாள். டோக்கனை இரண்டு வேளையாகப் பிரித்தார்கள். மருத்துவர் பற்றாக்குறை தீர்ந்துவிட்டது என்று சொல்லவில்லை, அது அப்படியேதான் இருந்தது. ஆனால் வாசலில் நிற்கும் கூட்டம் பாதியானது. வரிசையில் எவ்வளவு நேரம் காத்திருக்க நேரும் என்று கணக்கிடும் வரிசைக் கோட்பாடு அவளுக்கு அதுவரை பரீட்சைத் தாளில் வரும் ஒரு கணக்கு. அப்புறம் அதைத் தவிர வேறு எதையும் பற்றிப் பேசமாட்டேன் என்று ஆகிவிட்டாள், அது வேறு விஷயம்.

நெதர்லாந்தில் 1970களில் பல்கலைக்கழகங்களுக்குள் 'அறிவியல் கடை' என்று திறந்தார்கள். விற்பனை எதுவும் கிடையாது. பொதுமக்களின் அமைப்புகள் தங்கள் கேள்வியைக் கொண்டுவந்து கொடுக்கும், இந்த மண்ணில் நஞ்சு கலந்திருக்கிறதா என்பது மாதிரி. மாணவர்கள் ஆசிரியரின் மேற்பார்வையில் அதையே தங்கள் ஆய்வாக எடுத்துச் செய்வார்கள். அமெரிக்காவில் பர்டியூ பல்கலைக்கழகம் 1995இல் பொறியியல் மாணவர்களுக்கு இதே போக்கில் ஒரு திட்டம் தொடங்கியது. குழுவில் ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள், ஆனால் ஒரு அமைப்புக்காக எடுத்த வேலை பல செமஸ்டர் தொடரும். உங்கள் துறைத்தலைவரிடம் இந்த இரண்டையும் சொல்லிப் பாருங்கள். கேட்காவிட்டால் மரம் நடுங்கள், ஆனால் ஆறு மாதம் கழித்து எத்தனை உயிரோடு இருக்கின்றன என்று எண்ணி எழுதுங்கள். அதுவும் புள்ளியியல்தான், கொஞ்சம் கசக்கும்.

கேள்வி: "குடிமைப் பங்கேற்பு செய்யுங்கள், ஆனால் அரசியல் கூடாது" என்கிறார் எங்கள் பேராசிரியர். இது எப்படிச் சாத்தியம்?
– மூன்றாமாண்டு மாணவர்

உங்கள் பேராசிரியர் கட்சி அரசியலைச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வகுப்பின் பெயரால் ஒரு கட்சிக்கு வேலை செய்யக்கூடாது என்பது சரிதான். ஆனால் பொதுப் பணம் எங்கே போகிறது, யார் முடிவெடுக்கிறார்கள் என்று கேட்பதும் கூடாது என்றால், மிச்சமிருப்பது குப்பை பொறுக்குவது மட்டும்தான்.

கல்வி ஆய்வாளர்கள் ஜோயல் வெஸ்ட்ஹைமரும் ஜோசப் கானேயும் 2004இல் மூன்று வகைக் குடிமக்களைப் பற்றி எழுதினார்கள். பசித்தவருக்கு உணவு கொடுக்கும் ஒரு முகாமை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் ஆள் உணவு கொண்டுவந்து தருவார். இரண்டாம் ஆள் அந்த முகாமையே ஒழுங்குசெய்வார். மூன்றாம் ஆள், இவர்கள் ஏன் பட்டினி கிடக்கிறார்கள் என்று கேட்டு, கிடைத்த பதிலை வைத்து ஏதாவது செய்யப் பார்ப்பார். பல்கலைக்கழகங்களுக்கு முதல் ஆளைப் பிடிக்கும், இரண்டாமவருக்குப் பரிசளிக்கும், மூன்றாமவரைத் துறைத்தலைவர் அறைக்கு அழைக்கும்.

நான் கொடுத்த பயிற்சி ஒன்றைச் சொல்கிறேன், இதில் எந்தப் பேராசிரியரும் குறை காண முடியாது. எரியாத ஒரு தெருவிளக்கைத் தேர்ந்தெடுங்கள். அது யாருடைய பொறுப்பு என்று கண்டுபிடியுங்கள். கம்பம் ஒருவருடையது, பல்பு ஒருவருடையது, மின்கட்டணம் இன்னொருவருடையதாக இருக்கலாம். எந்த நிதியிலிருந்து, யார் கையெழுத்தில், எத்தனை நாளில் என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். உள்ளாட்சிக் கூட்டம் ஒன்றில் தொடக்கத்திலிருந்து முடிவுவரை உட்காருங்கள். இரண்டு மணி நேரம் சலிப்பாக இருக்கும், மூன்றாவது மணி நேரத்தில்தான் முக்கியமான தீர்மானம் சத்தமில்லாமல் நிறைவேறும். என் மாணவர் குழு ஒன்று, விளக்கு எரியவைக்க ஒன்பது வாரம் அலைந்தது. அதில் நான்கு வாரம் தப்பான அலுவலகத்தில் போனது. அந்த நான்கு வாரத்தில்தான் அதிகம் கற்றுக்கொண்டதாக ஒருத்தி எழுதியிருந்தாள்.

கேள்வி: என் மகள் சனிக்கிழமைதோறும் ஒரு குழந்தைகள் இல்லத்துக்குப் பாடம் சொல்லித்தரப் போகிறாள். திரும்பி வந்ததும் அறைக்குள் போய் அழுகிறாள். நிறுத்திவிடச் சொல்லட்டுமா?
– ஒரு தாய்

உடனே நிறுத்தச் சொல்லாதீர்கள். ஏன் அழுகிறாள் என்றும் உடனே கேட்காதீர்கள். அன்றைக்கு அங்கே யார் என்ன சொன்னார்கள் என்று சாதாரணமாகப் பேச்சுக் கொடுங்கள்.

எனக்குக் கவலை வேறு. அவளை அனுப்பிய கல்லூரியில் இதைக் கேட்க யாராவது இருக்கிறார்களா? போய் வந்த பிறகு உட்கார்ந்து பேச ஒரு மணி நேரமாவது ஒதுக்காமல் பிள்ளைகளை அனுப்புவது சரியில்லை. அதைக் கல்லூரியிடம் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

இன்னொன்றும் அவளிடம் சொல்லுங்கள். அந்தக் குழந்தைகள் ஏற்கெனவே பலரிடமிருந்து பிரிந்தவர்கள். "அக்கா எப்பவும் வருவேன்" என்று எந்தக் காரணத்துக்காகவும் வாக்குக் கொடுக்கக் கூடாது. இன்னும் எத்தனை சனிக்கிழமை என்று ஒரு நாட்காட்டியில் குழந்தைகளோடு சேர்ந்தே குறித்து வைக்கட்டும். கடைசி வாரம் விடைபெறாமல் மறைந்துவிடுவதுதான் பெரிய தப்பு. வருத்தத்தைத் தவிர்க்கிறேன் என்று என் மாணவர்கள் சிலர் அப்படிச் செய்தார்கள். வருத்தம் தவிர்க்கப்பட்டது அவர்களுக்கு மட்டும்தான்.

கேள்வி: நான் மாணவியில்லை. எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். வருடத்துக்கு மூன்று கல்லூரிகள் எங்களைப் "படிக்க" வருகின்றன. முடியாது என்று சொல்லலாமா? படிக்கிற பிள்ளைகள், பாவமாகவும் இருக்கிறது.
– ஒரு வாசகி

இத்தனை கடிதங்களில் நான் தேடிக்கொண்டிருந்தது உங்கள் கடிதம்தான். தாராளமாகச் சொல்லலாம். முடியாது என்று சொல்ல உரிமை இருப்பவர்கள் சரி என்று சொன்னால்தான் அந்தச் 'சரி'க்கு மதிப்பு. ராபர்ட் சிக்மன் என்பவர் 1979இல், சேவை வழியாகக் கற்பிக்கும் இந்தத் துறைக்கென்று மூன்று கொள்கைகள் எழுதினார். அதில் முதலாவதே, என்ன சேவை என்பது அதைப் பெறுபவர்களின் கையில் இருக்க வேண்டும் என்பதுதான். கல்லூரிக்காரர்கள் எல்லோரும் இதைப் படித்திருப்பார்கள். நீங்கள் ஞாபகப்படுத்தினால் மறுக்க முடியாது.

மூன்று கல்லூரிக்குப் பதில் ஒன்றுக்குச் சரி என்று சொல்லிப் பாருங்கள், மூன்று வருடத்துக்கு. உங்கள் சங்கத்துக்குத் தெரிய வேண்டியது என்ன என்று ஒரு கேள்வியை நீங்களே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கணக்குப் புத்தகத்தைச் சரிபார்ப்பது, மனு எழுதுவது, குழந்தைகளுக்குக் கணிதம், எதுவானாலும் சரி. எந்தக் கிழமை, எந்த நேரம் என்பதையும் நீங்களே சொல்லுங்கள். எடுத்த விவரத்தின் ஒரு பிரதி, உங்கள் மொழியில், செமஸ்டர் முடிவதற்குள் உங்கள் கையில் வர வேண்டும் என்று எழுதி வாங்குங்கள்.

பாவம் பார்க்காதீர்கள், பிள்ளைகள் நன்றாகத்தான் கற்றுக்கொள்வார்கள். ஏற்கெனவே வந்த மூன்று கல்லூரிகளிடமும், அவர்கள் எடுத்துக்கொண்டு போனதைக் கேட்டு ஒரு கடிதம் போடுங்கள். துறைத்தலைவர் பெயருக்கே போடுங்கள். அலமாரியைத் திறக்க யாராவது ஒருவர் எழுந்து போவார்.